சின்ன அறையில் மாட்டிய ஏ.சி.

பிப்ரவரி 6, செவ்வாய்

பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை. காத்திருக்கும் அறையின் ஏ.சி. காற்று மட்டும் தருகிறதாம், குளிர் இல்லையாம். கேஸ் கசிவு. அடைத்து, நிரப்பி, ஓடவிட்டு, ஏணியில் நின்றபடியே கையை நீட்டிப் பார்த்தேன். ஐஸ் மாதிரி காற்று. சரியாக அந்த நேரம் பார்த்து எனக்கு வந்தது. அடிவயிற்றில் கிளம்பி, மார்பு, கழுத்து, காது மடல் என்று ஏறும் அந்தச் சூடு. சட்டை தொப்பலாகிவிட்டது. வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் சரியாகலையா அங்கிள்?" என்றாள். மெஷினைத்தான் கேட்டாள்.

இத்தனை வருடமாக ஊரையே குளிரவைத்தவனுக்கு இந்த வியாதியின் மருந்து கொடுத்திருக்கும் பரிசு. கடவுளுக்கும் குசும்பு உண்டு.

கிளம்பும்போது பல் டாக்டர், வருட சர்வீஸ் வேண்டாம் என்றார். "இப்போ நல்லாத்தானே ஓடுது?" இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: நல்லா ஓடும்போதுதான் சார் பாக்கணும், நின்னப்புறம் பாக்கறதுக்குப் பேரு சர்வீஸ் இல்ல, ரிப்பேர். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே சொல்வேன். இன்று கத்திவிட்டேன். பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகையாக வந்தது. முன்பெல்லாம் எனக்குக் கோபம் வந்தால் கோபம் மட்டும்தான் வரும்.

பிப்ரவரி 7

பல் டாக்டருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நினைவே இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

டி.வி.யில் வாட்டர் ஹீட்டர் விளம்பரம். ஒரு அப்பா மகள் குளிக்க வெந்நீர் பிடித்துவைக்கிறார். அவ்வளவுதான் கதை. நான் தேம்பித் தேம்பி அழுகிறேன். அந்தக் கம்பெனி ஹீட்டரைக் கழற்றும்போதெல்லாம் அதைச் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அதற்குப் போயா அழுவது?

மனைவி ஈரத்துண்டைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டாள். அழுகைக்குப் பின்னாலேயே சூடு வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் மாதவிலக்கு நின்ற காலத்தில் இந்தச் சூட்டைப் பார்த்தவள்தானே. "எனக்கு வந்தப்போ நீங்க போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு, சன்னலைச் சாத்து குளிருதுன்னீங்க," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு வீட்டிலும் அதே பேச்சு. திரைச்சீலை மாற்றினாலும் அந்தக் கேள்விதான், சட்டை எடுத்தாலும் அந்தக் கேள்விதான். எதிரில் இருப்பவர் கண்ணைச் சுருக்குவதை வைத்தே, தெரியாத எழுத்தைத் தெரிந்த மாதிரி படிக்கிறாரா என்று பிடித்துவிடுவாள். நான் இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துவிட்டது.

பிப்ரவரி 19, திங்கள்

ஊசி நாள். அடிவயிற்றுச் சதையைப் பிடித்துப் போடுகிறார் நர்ஸ். போன முறையைவிடப் பிடிக்கச் சுலபமாக இருக்கிறதாம். தொப்பையும் இந்த மருந்தின் உபயம்தான்.

டாக்டரம்மா முதல் நாள் விளக்கியதை எனக்குப் புரிகிற மொழியில் எழுதிவைக்கிறேன். புற்று ஆரம்பித்தது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில். கண்டுபிடிக்கும்போதே முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் போயிருந்தது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் அது பிழைக்க ஆண் ஹார்மோன் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, அந்த ஹார்மோன் சுரப்பதையே நிறுத்துகிறது. தினமும் நான்கு மாத்திரை, மிச்சம் மீதி இருப்பதும் புற்றின் வாய்க்குப் போகாமல் தடுக்கிறது. மெயின் வால்வை மூடிவிட்டு, குழாயையும் அடைக்கிற மாதிரி. குணமாகாது, அடங்கிக் கிடக்கும். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, வருஷக்கணக்கில் அடங்கிக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

புற்று எவ்வளவு என்று ரத்தத்தில் பார்க்கிற எண், போன நவம்பரில் நூற்று நாற்பது. இன்று 0.1. டாக்டரம்மா எழுந்துவந்து கை குலுக்கினார். வெளியே வந்ததும் மனைவி ஆஸ்பத்திரி நடைபாதை என்றுகூடப் பார்க்காமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் மரம் மாதிரி நின்றேன்.

அந்த வால்வு வழியாகத்தான் வேறு என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு யாரும் — இல்லை, பொய் சொல்லக் கூடாது. சொன்னார்கள். ஆசை குறையலாம் என்றார்கள். குறையவில்லை, போயே போய்விட்டது. பசி குறைவது வேறு, சாப்பாடு என்றால் என்னவென்றே மறந்துபோவது வேறு.

மார்ச் 2, சனி

எங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு ஏ.சி. மாட்டினோம், நானும் டூல்பாக்ஸும். அவன் என் கூட்டாளி. சொந்தமாக ஒரு ஸ்குரூடிரைவர்கூடக் கொண்டுவர மாட்டான், அதனால் அந்தப் பெயர். ஒரு வாடிக்கையாளர் வேண்டாமென்று போட்ட பழைய யூனிட். குழாய் போகச் சுவரைத் துளைத்தோம். தூசி கூடம் வரை வந்தது. மனைவி துடைப்பத்தோடு நின்றாள்.

அவளிடம் சொன்னது இதுதான்: "ராத்திரி உடம்பு எரியுது. உனக்குக் குளிர் ஆகாது. நான் அங்கே பதினெட்டுல வெச்சுத் தூங்கிக்கிறேன்." சரி என்றாள். பிறகு போய் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துச் சொருகினாள். விருந்தாளிக்கு விரிக்கிற மாதிரி இருந்தது.

எரிவது பொய் இல்லை. ஆனால் அது மட்டும் காரணமும் இல்லை. இரண்டு நாள் முன்பு விடியற்காலையில் அவள் கை என் மார்பில் வந்து விழுந்தது. முப்பத்தைந்து வருடமாக விழுகிற கை. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பதிலுக்கு அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் அது எதற்கோ சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடுமோ, அப்புறம் முடியாமல் போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டி வருமோ என்று பயந்தேன். தூங்குகிறவன் மாதிரி கிடந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 17, ஞாயிறு

ஒரு கிடங்கின் கூரையில் அவுட்டோர் யூனிட் மாற்றும் வேலை. வெயில். டூல்பாக்ஸ் சட்டையைக் கழற்றினான். நான் கழற்றவில்லை. மார்பு பெண்களுக்குப் போல் கொஞ்சம் எழும்பியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது. "என்னடா, புதுப்பொண்ணு மாதிரி சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கறே?" என்றான். சிரித்தேன். சாப்பிட வேனில் உட்கார்ந்தபோது என்னையறியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சூடு, அழுகை, மார்பு, அந்த விடியற்காலை, எல்லாவற்றையும்.

அவன் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டான். வாயாடிப் பயல், ஒரு கேலி வரவில்லை. கடைசியில், "தங்கச்சிகிட்ட சொன்னியா?" என்றான். என் மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"இதை எப்படிடா சொல்றது?"

"என்கிட்ட எப்படிச் சொன்னே? அப்படித்தான்."

சொல்ல வேண்டும். இன்று கடையில் கணக்கெடுப்பு, களைத்து வந்திருக்கிறாள். இன்னொரு நாள் பார்க்கலாம்.

மார்ச் 24

சொல்லவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

மகள் போன் செய்தாள். ஜூலையில் எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஏரிக்கரையில் ஒரு சின்ன வீடு எடுத்துத் தருகிறாளாம், மூன்று நாளைக்கு. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலமே போய் இரண்டு உடை வாங்கிவந்துவிட்டாள், ஒன்று நீலம், ஒன்று இலைப்பச்சை. கண்ணாடி முன்னால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.

இரண்டையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். அடப்பாவி, ஒன்றைக் கைகாட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நீலம் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு நீலம் என்றைக்குமே எடுக்கும். அதை இங்கே எழுதுகிறேனே தவிர, ஆறடி தள்ளி அடுத்த அறையில் இருப்பவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

இன்று ஒரு யோசனை. ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும்போது வந்தது. அவர்கள் ஏ.சி. நிற்காமல் ஓடி ஓடிக் கம்ப்ரெஸர் கருகிவிட்டது. தெர்மோஸ்டாட் பழுது. நல்ல மெஷின் என்றால், அறை குளிர்ந்ததும் கம்ப்ரெஸர் நின்று ஓய்வெடுக்க வேண்டும், மறுபடி சூடேறினால் ஓட வேண்டும். குளிர்ந்த அறையை மேலும் குளிரவைத்துக்கொண்டே இருப்பது முட்டாள்தனம்.

என் எண் 0.1. இதற்குமேல் என்ன குளிர வேண்டும்? இன்னும் எதற்கு ஊசி, எதற்கு மாத்திரை? கொஞ்ச நாள் நிறுத்தினால் உடம்பு ஓய்வெடுக்கும். எண் ஏறினால் மறுபடி போட்டுக்கொண்டால் ஆயிற்று. மே இருபதாம் தேதி ஊசியை விட்டால், ஜூலைக்குள் நான் பழைய ஆளாகிவிடலாம். ஏரிக்கரை வீட்டுக்குப் பழைய ஆளாகப் போகலாம். அவளிடம் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

டாக்டரம்மாவைக் கேட்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார்.

மே 20, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வெளியூரில் இருக்கிறேன், வந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். மனைவி கடையில் லீவு கேட்டுக் கூட வருகிறேன் என்றாள். ஒரு ஊசிக்கு எதற்கு இரண்டு பேர் என்று தடுத்துவிட்டேன். ஊசி நேரத்தில் ஒரு துணிக்கடையின் பரணில் பில்டர் கழுவிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம், "வலிச்சுதா?" என்றாள்.

"கொஞ்சம்," என்றேன். அவள் வெந்நீர் ஒத்தடத்துக்குத் துணியைக் கொண்டுவந்தாள். ஊசியே போடாத வயிற்றில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 21

மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். தினம் நான்கு, பழைய திருகாணி டப்பாவுக்குள்.

ஜூன் 9, ஞாயிறு

என்ன சொல்வது, மனுசனாகிவிட்டேன்! களைப்பு இல்லை. நேற்று மூன்று மாடி, லிப்ட் இல்லாமல், கையில் யூனிட்டோடு ஏறினேன். டூல்பாக்ஸ் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். தினம் பத்து முறை வரும் சூடு இப்போது இரண்டு, மூன்றுதான். வாட்டர் ஹீட்டர் விளம்பரம் வந்தது. அழவில்லை. திட்டினேன்.

மனைவியும் கவனித்திருக்கிறாள். "முகத்துல ஒரு தெளிவு தெரியுது," என்றாள். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடக்கப் போய்விட்டேன்.

இன்னும் சின்ன அறையில்தான் படுக்கிறேன். சூடுதான் குறைந்துவிட்டதே, பெரிய அறைக்கே போகலாமே? போகலாம். ஆனால் அரைகுறையாகப் போகக் கூடாது. ஜூலையில், அங்கே, முழு ஆளாக.

ஜூன் 28

இடது இடுப்பில் வலி. ஏணியில் கோணலாக நின்றிருப்பேன்.

ஜூலை 5

ஏணியேதான். வேறென்ன?

ஜூலை 20, சனி

ஏரிக்கரை வீடு. கல்யாண நாள். வாசலில் மரப்படிகள், எதிரே தண்ணீர், உள்ளே ஒரே ஒரு கட்டில்.

நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தோம். அவள் நீல உடையில் இருந்தாள். ஜன்னலோரம் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் எங்கோ ஒரு பழைய கதவு லேசாக அசைந்தது, நிஜமாகவே. வந்துவிட்டது என்று சந்தோஷத்தில் பின்னாலிருந்து போய் அவள் இடுப்பைத் தொட்டேன். அவள் துள்ளி விலகினாள். அந்நியன் கை பட்ட மாதிரி. விலகிய வேகத்தைப் பார்த்து அவளே திகைத்துவிட்டாள். "ஒண்ணுமில்ல, திடீர்னு... எதிர்பார்க்கல," என்றாள். பிறகு இருவரும் பெட்டியைப் பிரித்துத் துணி அடுக்கினோம். அடுக்கிய துணியையே மறுபடி அடுக்கினோம்.

இன்று காலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

எனக்குப் புரியவில்லை என்றேன்.

"உடம்பு சரியில்லாத நேரத்துல கேக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நாலரை மாசம். என் கை பட்டாலே கட்டை மாதிரி ஆயிடறீங்க. சுவத்துல ஓட்டை போட்டுத் தனியா போய்ப் படுத்துக்கிட்டீங்க. வயசாயிடுச்சு, என்னைப் பாத்தா அலுப்பா இருக்குன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். பழகிக்கிட்டேன். நேத்து திடீர்னு வந்து தொட்டா எனக்கு எப்படி இருக்கும்?"

அலுப்பா? இவளைப் பார்த்தா எனக்கு? அய்யோ, நான் என்ன செஞ்சு வெச்சிருக்கேன். நான் என் மானத்தைக் காப்பாத்திக்கிறதா நெனச்சு அவளை — நாலரை மாசம் அவ தனியா அந்த ரூம்ல என்னென்ன நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தாளோ.

எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து என் ஆசையை எடுத்துக்கொண்டு போனதை. அந்த விடியற்காலையை. கம்ப்ரெஸர் கணக்கை. இந்த மூன்று நாளுக்காக ஊசியை விட்டதை, மாத்திரையை டப்பாவில் போட்டதை, இடுப்பு வலியை. கடைசியாக, உனக்காகத்தான் என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவ்வளவு கோபத்தை அவள் முகத்தில் பார்த்ததில்லை.

"என்னைக் கேட்டீங்களா? இது வேணும்னு நான் கேட்டேனா? எனக்கு வேண்டியது பக்கத்துல ஒரு ஆளு. மூச்சு விட்டுக்கிட்டு, குறட்டை விட்டுக்கிட்டு. அவ்வளவுதான். அதைத்தானே எடுத்துட்டுப் போய் அந்த ரூம்ல வெச்சீங்க."

உள்ளே போய்ப் பெட்டியை மூடினாள். ஒரு நாள் முன்னதாகவே கிளம்புகிறோம். பெட்டியை அவளே தூக்கினாள். எனக்கு இடுப்பு வலி என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

ஜூலை 25, வியாழன்

எண் முப்பத்தெட்டு. ஸ்கேனில் இடுப்பில் பழைய இடம் பெரிதாகியிருக்கிறது. விலா எலும்பில் புதிதாக ஒன்று.

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சிலருக்கு மருந்துக்கு இடைவெளி கொடுப்பது உண்டுதான், ஆனால் யாருக்கு, எப்போது என்று பார்த்து, ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே செய்வோம் என்றார். எலும்புக்குப் போன என் மாதிரி ஆளுக்கு அது சரிவராது என்றார். ஆசை போனதைப் பற்றிப் பேசவும் இங்கேயே ஆள் இருக்கிறார்களாம், கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்களாம். "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும் சார்," என்றார்.

இன்றே ஊசி. மாத்திரையும் மறுபடி. மருந்தை நிறுத்தியதால்தான் இப்படியா என்று மனைவி கேட்டாள். நான் கேட்கப் பயந்த கேள்வி. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். மருந்தை ஒழுங்கா எடுத்துக்கிறவங்களுக்கும் ஒரு நாள் இது கேக்காம போகும். ஆனா அதனால இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது."

இதற்குப் பதில் அவர் என்னைக் கத்தியே இருக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி

டூல்பாக்ஸிடம் சொன்னேன். ரொம்ப நேரம் வேனின் கதவையே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "எத்தனை வீட்ல, எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பே? நல்லா ஓடும்போதுதான் பாக்கணும்னு. அந்த ஒரு வசனத்தை வெச்சே பொழப்பு நடத்தினவன்டா நீ."

தெர்மோஸ்டாட் கம்ப்ரெஸரை நிறுத்தும்தான். ஆனால் சூட்டை அது விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் பார்க்கிறவரிடம் பொய் சொல்லிவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். அதை எந்தப் புது மெக்கானிக்கும் செய்ய மாட்டான்.

மனைவி என்னோடு பேசுகிறாள். மாத்திரை வேளைக்குத் தண்ணீரோடு வந்து நிற்கிறாள், நான் விழுங்கும்வரை. முன்பு வாசல்வரை வந்து வழியனுப்புவாள். இப்போது அதில்லை. சின்ன அறைக்குள் அவள் காலடி வைப்பதே இல்லை. நானும் பெரிய அறைக்கு வரட்டுமா என்று கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

ஆகஸ்ட் 29

எண் இருபத்திரண்டு. இறங்குகிறது. மனைவி கைப்பையில் வைத்திருந்த மிட்டாயில் பாதியை உடைத்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 30, திங்கள்

முப்பத்தொன்று.

ஊசி போட்டிருக்கிறது, மாத்திரை விடவில்லை, ஹார்மோன் அடியோடு அடங்கித்தான் இருக்கிறதாம். ஆனாலும் ஏறுகிறது. வால்வை மூடினாலும் பிழைக்கப் புற்று கற்றுக்கொண்டுவிட்டது. அடுத்தது நரம்பு வழியாக ஏற்றும் கீமோ மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ஊசி அது பாட்டுக்குத் தொடரும். வருஷக்கணக்கு என்று முதல் நாள் சொன்ன டாக்டரம்மா இன்று வருஷம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். வேன் ஓட்ட இடுப்பு இடம் கொடுப்பதில்லை. அவள் ஜன்னலோரம். எனக்குத் திடீரென்று அந்தச் சூடு வந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. அவள் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து என் பக்கம் விசிற ஆரம்பித்தாள். முன்னால் இருந்தவர் தலைமுடி எல்லாம் பறந்தது. நான், "என்னை மன்னிச்சிடு," என்றேன். விசிறுவதை அவள் நிறுத்தவில்லை.

"மன்னிக்கிறதுக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும். அதுவரைக்கும் இருங்க," என்றாள்.

அக்டோபர் 21, திங்கள்

முதல் கீமோ முடிந்து ஒரு வாரம். வாயில் எதுவும் ருசிக்கவில்லை. வேலைக்குப் போவது நின்றுவிட்டது. டூல்பாக்ஸ் தினமும் போன் செய்து எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். பாதி பொய். அவனுக்குத் தெரியும் எங்கே இருக்கிறது என்று.

மத்தியானம் பெரிய அறை வாசலில் போய் நின்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்த ரூம் வேண்டாம்னு இருக்கு," என்றேன். அவள் என் பக்கத்துத் தலையணை மேல் அடுக்கியிருந்த துணியையெல்லாம் எடுத்து நாற்காலியில் வைத்தாள்.

நவம்பர் 16, சனி

டூல்பாக்ஸ் வந்து சின்ன அறை ஏ.சி.யைக் கழற்றினான். சொந்த ஸ்குரூடிரைவரோடு வந்திருந்தான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு என் நிலைமை சரியாக விளங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, கேஸை முதலில் இறக்குடா, குழாயை மடிக்காதேடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "தெரியும்டா," என்று சொல்லாமல் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். சுவரில் ஓட்டை தெரிந்தது. சிமெண்டு குழைத்து அடைத்தோம். குழைத்தது நான். மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பெயிண்டு அடித்தாலும் அந்த இடம் தனியாகத்தான் தெரியும் என்றாள். கண் சோதிக்கிறவள், அவளுக்குத் தெரியும்.

நவம்பர் 17, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் படுத்தோம். பெரிய அறை ஏ.சி.யை அவள் பதினெட்டில் வைத்திருக்கிறாள், எனக்குச் சூடு வரும் என்று. நான் திரும்பி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அவளுக்குக் குளிர் ஆகவே ஆகாது. ஸ்வெட்டர், காலுறை, தலையைச் சுற்றி ஒரு துணி. மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது. அவள் கை என் மார்பின் மேல் இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குள் பழைய எதுவும் அசையவில்லை. அசையாவிட்டால் என்ன, கை வெதுவெதுப்பாக இருந்தது.

ஆனால் கீமோவுக்குப் பிறகு உடம்பு மாறிவிட்டது. ரத்தம் குறைந்திருக்கிறதாம். சூடு எப்போதாவதுதான் வருகிறது. மற்ற நேரமெல்லாம் விறைக்கிறது. நான்கு வாரமாக இந்தப் பதினெட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எனக்காக இவ்வளவு செய்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று.

இன்று சொல்லிவிட்டேன். "எனக்குக் குளிருது," என்றேன்.

எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், தன் காலுறையைப் பார்த்தாள், தலைத்துணியைத் தொட்டுப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதாள். ரிமோட்டைத் தேடி எடுத்து ஏ.சி.யை நிறுத்தினாள்.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள்.